எழுதப் போன ஊர்களில் சாப்பிட்ட இடங்கள்

பத்திரிகைக்கு எழுதுகிறவன் ஊர் ஊராகச் சுற்றுகிறான் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அங்கே சாப்பாடு எப்படி?" யாரைப் பேட்டி கண்டேன், என்ன எழுதினேன் என்று கேட்கிறவர்கள் குறைவு. நம்மவர்களுக்கு வயிறுதானே முதலில்! ஒவ்வொருவருக்காகப் பதில் சொல்லி மாளவில்லை. ஆகவே என் குறிப்பேட்டைப் புரட்டி, மனத்தில் நின்றுபோன சில இடங்களை இங்கே எழுதுகிறேன். குளுகுளு அறையும் வெள்ளைத் துணி விரித்த மேசையும் உள்ள ஓட்டல்களை இதில் தேட வேண்டாம்.

ஓர் ஊரில் இறங்கியதும் நான் இரண்டு விஷயங்களை விசாரிப்பேன். லாரி ஓட்டுகிறவர்கள் எந்தக் கடையில் பசியாறுகிறார்கள்? இந்த ஊர் எந்த வேலைக்காக உண்டானது? ஈயமா, ரயிலா, துறைமுகமா, ரப்பரா? இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், அங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதைக் கடைக்குள் நுழையாமலே பாதி சொல்லிவிடலாம்.

தைப்பிங்கிலிருந்து தொடங்குவோம். குடையை மறக்காதீர்கள். நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற பட்டணங்களில் அது ஒன்று. இன்று பிற்பகல் மழை வருமா வராதா என்று அந்தக் காலத்தில் அங்கே பந்தயமே கட்டுவார்களாம். ஏரிப் பூங்காவைச் சுற்றி வாருங்கள். ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களைத்தான் 1880ஆம் ஆண்டுகளில் பூங்காவாக்கினார்கள். சடக்கின் மேல் கிளை பரப்பி, மறுபக்கம் ஏரித் தண்ணீரைத் தொடப் பார்க்கும் அந்தத் தூங்குமூஞ்சி மரங்களின் கீழே நடந்தால் பசி தானாக எடுக்கும்.

அந்தப் பசியோடு கோல செப்பெத்தாங்குக்குப் பஸ் ஏறுங்கள். பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி மலாயாவின் முதல் ரயில் ஓடியது தைப்பிங்கிலிருந்து இந்த ஊருக்குத்தான். எட்டு மைல் தூரம், அவ்வளவுதான். தைப்பிங் ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட தொழிலாளர் படை அதில் உழைத்தது. இன்று தண்டவாளம் இல்லை, ரயிலும் இல்லை. ஆனால் ஊர் நடுவே, கடைகளுக்கு இடையில், பழைய நிலையத்தின் பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழ் எழுத்தும் அதில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கோப்பிக்கடை. அங்கே உட்கார்ந்து ஒரு கோப்பி ஓ வாங்கிக்கொண்டு அந்தத் தமிழ் எழுத்தைப் பார்த்தபடி இருந்தேன். அந்த ஊரில் இப்போது நம் முகங்கள் அதிகம் இல்லை. சுற்றுலா வருகிறவர்கள் பலகையின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் போனால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மீன்பிடி ஊர் ஆகையால் இறால் போட்ட மீ அங்கே பிரசித்தம். இறால் ஓட்டை வேக வைத்து எடுத்த சாறு சேர்வதால் அந்தக் குழம்புக்கு ஒரு தித்திப்பு உண்டு. சாப்பிட்டு முடித்ததும் நேராகக் கரி சூளைகளுக்குப் போங்கள். மாத்தாங் சதுப்பு நிலக் காட்டில் முப்பது ஆண்டு வளரவிட்டு வெட்டுகிற பாக்காவ் மரம் அங்கே கரியாகிறது. கவிழ்த்த பானை போன்ற பெரிய செங்கல் சூளைகள். பட்டை உரித்த கட்டைகளை உள்ளே நெட்டுக்குத்தாக நிறுத்தி, வாசலில் நெருப்புப் போடுகிறார்கள். கட்டையில் நெருப்புப் பிடிக்கக் கூடாது. சூட்டில் தண்ணீர் மட்டும் வெளியேற வேண்டும். புகையின் நிறத்தையும் மணத்தையும் வைத்தே பக்குவம் சொல்லிவிடுகிறார் சூளைக்காரர். பிறகு வாசலை மண்ணால் அடைத்து ஆற விடுகிறார்கள். மொத்தத்தில் ஒரு மாதம் பிடிக்கிறது. நாம் சாத்தே சாப்பிடும்போது கீழே கனலும் கரிக்கு இத்தனை வேலை இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சூட்டில் சட்டையில்லாமல் கட்டை சுமக்கிறவர்களைப் பார்த்துவிட்டு வந்தால் கரியின் விலையைப் பற்றி முணுமுணுக்க மாட்டீர்கள்.

பினாங்கைப் பற்றிச் சொல்லாமல் போனால் சண்டைக்கு வருவீர்கள். நாசி கண்டாரில் வரும் கண்டார் என்ற மலாய்ச் சொல் தோளில் சுமக்கும் தண்டைக் குறிக்கும். நம் காவடித் தண்டுதான். ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் குழம்புப் பானை. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இப்படிச் சுமந்துகொண்டு போய்த் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு அது. விடிந்ததும் வேலைக்கு இறங்குகிறவனுக்கு வயிறு நிறைய வேண்டும், சீக்கிரமாகவும் ஆக வேண்டும். சோற்றின் மேல் நாலு வகைக் குழம்பையும் கலந்து ஊற்றுகிற வழக்கம் அந்த அவசரத்துக்கு ஏற்றது. 'பஞ்சிர்' என்று கேட்டால் வெள்ளமாக ஊற்றுவார்கள். ஒவ்வொரு குழம்பையும் தனித் தனிக் கிண்ணத்தில் கேட்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பாவம், அவர்கள் வேறு ஏதாவது சாப்பிட்டிருக்கலாம்.

கேம்பல் தெருவில் ஹமீதியா கடை 1907 முதல் நடக்கிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயிலும் நடக்கிற தூரத்திலேயே உள்ளன. ஆனால் அந்தத் தெருக்களில் நடக்கும்போது மூடிய கதவுகளையும் கவனியுங்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு பிறந்ததோடு முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாக ஒரே கடைவீட்டில் இருந்த குடித்தனங்களும் சிறு வியாபாரிகளும் பலர் வெளியேறினார்கள். 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. கட்டடங்களுக்குக் காப்பு வந்தது நல்லதுதான். உள்ளே அடுப்பு மூட்டியவர்களுக்கும் ஒரு காப்பு வந்திருக்கலாம்.

ஈப்போ என்றதும் வெள்ளைக் கோப்பியைச் சொல்வார்கள். நான் புந்தோங்கைச் சொல்வேன். அங்கே கம்பம் கச்சாங் பூத்தே என்றே ஒரு பகுதி இருக்கிறது. எட்டயபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து 1940ஆம் ஆண்டுகளில் அங்கே குடியேறிய குடும்பங்களின் தொழில் முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, வறுத்த கடலை. பாரதியார் பிறந்த ஊர்க்காரர்கள் பேராக்கில் கடலை வறுத்துப் பிழைத்தார்கள் என்று நினைத்தால் வியப்பாக இல்லையா? சினிமாக் கொட்டகை வாசலில், தாளைச் சுருட்டிக் கூம்பாக்கி, சூடாகக் கடலை கொட்டிக் கொடுத்தவர்களை உங்களில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதலில் தலையில் தட்டு, பிறகு சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள், இப்போது கடையில் பிளாஸ்டிக் பொட்டலம்.

காலையில் போங்கள். எண்ணெய் காயும் வாசனை தெருமுனைக்கே வரும். நான் போன வீட்டில் முன்கூடமே கடை, பின்கட்டே பட்டறை. பெரிய இரும்புச் சட்டியில் அம்மா ஒருவர் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை. பேசிக்கொண்டே பிழிந்தார், என்னைத் திட்டிக்கொண்டே பிழிந்தார். "தம்பி, எழுதறதுன்னா எழுது, அடுப்புக்குக் குறுக்கே நிக்காதே!" பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் வங்கியில் என்று பெருமையாகச் சொன்னார். அடுத்து இந்தச் சட்டியை யார் எடுப்பார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "படிக்க வச்சது இதுக்கு வரக்கூடாதுன்னுதானே!" அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனாலும் அவர் கட்டிக் கொடுத்த முறுக்கைத் தின்னும்போது மனத்துக்கு என்னவோபோல் இருந்தது. இரண்டு கிலோ வாங்கினேன். வீடு வந்து சேர்ந்தது ஒன்று.

வடக்கே சுங்கை சிப்புட் பக்கம் பழைய சடக்கில் ஒரு ஒட்டுக்கடை. பெயர்ப் பலகை கிடையாது. அவித்த மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும் மட்டும்தான். கடைக்காரப் பெண்மணி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி லயங்கள் காலியானபோது இந்தச் சடக்கோரத்துக்கு வந்தார். ஜப்பான்காரன் காலத்தில் அரிசியில்லாமல் நம் ஜனங்கள் உயிர் பிழைத்தது இந்தக் கிழங்கால்தான். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் அதைத்தான் தின்றார்கள். அவருடைய தாயார் கடைசிவரை கிழங்கைத் தொடவே மாட்டாராம். வாசனை வந்தாலே எழுந்து போய்விடுவாராம். மகள் அதையே விற்றுக் குடும்பம் நடத்துகிறார். காரில் வருகிற இளைஞர்கள் ருசியாக இருக்கிறது என்று இரண்டாம் தட்டும் கேட்கிறார்கள்.

கேமரன் மலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஸ்ட்ராபெரியும் நெரிசலும் உங்களுக்கே தெரியும். 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்குப் போனால் மலைச் சரிவைப் பார்த்தபடி தேநீர் குடிக்கலாம். இலை கிள்ளிய கைகள் ஒரு காலத்தில் பெரும்பாலும் நம்முடையவை. இன்று நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா என்று பல நாட்டுக் கைகள். எனக்கு வாய்த்த நல்ல தேநீர் ஒரு தொழிலாளி வீட்டில். தேயிலைத் தூளோடு இஞ்சி தட்டிப் போட்டு, மங்குக் கோப்பையில் கொடுத்தார்கள். வெளியே பனி, உள்ளே விறகடுப்பு. அதற்கு மேல் வர்ணிக்கத் தெரியவில்லை.

தெற்கே வருவோம். குளுவாங் ரயில் நிலையக் கோப்பிக்கடை 1938 முதல் பேர் பெற்றது. கரியடுப்பில் வாட்டிய ரொட்டி, வெண்ணெய், காயா, கடுங்கோப்பி. ரயில் நிற்கும் சில நிமிஷத்தில் குடித்து முடிக்க வேண்டும் என்ற அவசரத்துக்காகவே உண்டான பண்டங்கள் இவை. இப்போது அந்தப் பெயரில் பல ஊர்களில் கிளைகள் வந்துவிட்டன. ரொட்டி எல்லா இடத்திலும் ரொட்டிதான். ஆனால் ரயில் சத்தம் இல்லாமல் அந்தக் கோப்பி எனக்கு இறங்குவதில்லை.

அந்த ரயில் போய்ச் சேர்ந்த சிங்கப்பூர் தஞ்சோங் பகார் நிலையம் 1932இல் திறந்து, 2011 ஜூன் 30ஆம் தேதியோடு சேவையை நிறுத்திக்கொண்டது. உயரமான கூரையும் சுவர்ச் சித்திரங்களும் கொண்ட அந்தக் கூடத்தில் ரயிலுக்குக் காத்திருந்து மீ கோரெங்கும் தே தாரிக்கும் சாப்பிட்டவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ரயில் போனதோடு கடைகளும் போயின. கட்டடம் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. மீ கோரெங்கை யார் பாதுகாப்பது?

சிங்கப்பூரில் மீன் தலைக் கறிக்கு ஒரு கதை உண்டு. 1949 வாக்கில் சோபியா சாலையில் கடை வைத்திருந்த கோமஸ் என்ற மலையாளி, சீனர்கள் மீன் தலையை விரும்பிச் சாப்பிடுவதைக் கவனித்து, நம் புளிக்குழம்பில் அதைப் போட்டுப் பார்த்தாராம். இங்கே அதற்கு வந்த யோகத்தைப் பாருங்கள்! கன்னத்துச் சதையை முதலில் எடுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் உள்ளதை வீட்டுப் பெரியவருக்கு விட்டுவிடுங்கள். சைவக்காரர்களுக்கு சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947 முதல் இருக்கிறது. ஊரைவிட்டுத் தனியாக வந்து வேலை பார்த்த ஆண்களுக்கு இத்தகைய சாப்பாட்டுக் கடைகள் வீட்டுச் சோற்றின் இடத்தில் இருந்தன.

தெருவோரக் கடைகளையெல்லாம் 1971 முதல் 1986 வரை அரசாங்கம் அங்காடி நிலையங்களுக்குள் கொண்டுபோய் வைத்தது. குழாய்த் தண்ணீர் வந்தது, சுத்தம் வந்தது, மழைக்கு ஒதுங்கவும் இடம் வந்தது. 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அந்த அங்காடிப் பழக்கம் சேர்ந்தது. ஆனால் விடியுமுன் எழுந்து அரைத்து, வறுத்து, வேர்வை சிந்த இளையவர்கள் தயங்குகிறார்கள். தேக்காவுக்குப் போனால், அடுப்புக்குப் பின்னால் நிற்கிறவர்களின் நரையைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போவதானால் காலை எட்டுக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் உட்கார மேசை கிடைக்காது, அப்பமும் தீர்ந்துவிடும்.