ஏம்பலம் கோயிலில் இரண்டு கணினிகள்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பாகூர் பக்கத்துக் கிராமங்களில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோதும் அதே கதைதான். புதுச்சேரி நிர்வாகத்தில் இருந்தும் சுற்றிலும் தமிழ்நாட்டு ஊர்களால் சூழப்பட்ட கரையாம்புத்தூர் மாதிரி ஊரில் கரண்ட் போனால், எப்போது வரும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மடிக்கணினியின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அதற்கப்புறம்?

கையால் சுற்றியே கரண்ட் எடுத்துவிடலாம் என்ற ஆசை உலகத்துக்கே இருந்தது. 2005 நவம்பரில் டூனிஸ் மாநாட்டில், ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கான மலிவு மடிக்கணினியை நிக்கோலஸ் நெக்ரோபோன்டே அறிமுகம் செய்தார். பக்கவாட்டில் மஞ்சள் நிறக் கைப்பிடி. ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் சுற்றிப் பார்த்தார். பிடி கையோடு வந்துவிட்டது. பிறகு விற்பனைக்கு வந்த கணினியில் அந்தப் பிடியே கிடையாது.

பிடி உடையாமல் இருந்திருந்தாலும் கணக்கு இடிக்கும். கையால் விடாமல் சுற்றினால் கிடைப்பது பத்து, இருபது வாட். சாதாரண மடிக்கணினி பேட்டரி நிரம்ப ஐம்பது வாட்-மணி வேண்டும். இரண்டரை மணி நேரமாவது சுற்ற வேண்டும். அதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். சைக்கிள் பெடல் என்றால் பரவாயில்லை, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட மிதித்தால் போதும். ஆனால் மிதித்துக்கொண்டே டைப் அடிக்க யாரால் முடியும்?

வெயிலை நம்பிய கதை கரையாம்புத்தூருக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கரண்ட் அடிக்கடி போகும் ஊர்கள் என்பதால் சூரியத் தகடுகளையும் சேர்த்தார்கள். செய்தி கிராமத்துக்குக் கிராமம் ரேடியோ அலையில் போனது. ஏம்பலத்தில் ஊர்ப் பெரியவர்கள் கோயிலின் ஒரு பக்கத்தையே ஒதுக்கிக்கொடுக்க, சூரிய மின்சாரத்தில் இரண்டு கணினிகள் அங்கே ஓடின. அதுவும் கனத்த பெட்டித் திரை வைத்த காலத்துக் கணினி! இன்றைய மடிக்கணினி அதில் கால்பங்கு கரண்ட் கூடக் கேட்பதில்லை.

முப்பது வாட் மடிக்கணினியைத் தினம் ஐந்து மணி நேரம் ஓட்ட 150 வாட்-மணி போதும். 100 வாட் தகடு ஒன்று நல்ல வெயிலில் அதைப்போல் இரண்டு மடங்கு தரும். தகடு தெற்கு பார்த்து, பன்னிரண்டு டிகிரி அளவுக்குச் சாய்ந்திருந்தால் இந்தப் பகுதிக்குச் சரி. ஒரு தென்னங்கீற்றின் நிழல் குறுக்கே விழுந்தால் மட்டும் பாதி கரண்ட் போய்விடும்; செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால், ஒன்று தடுத்தால் மற்றதும் நிற்கிறது. மொட்டை மாடியில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நிழலைப் பார்த்துவிட்டு ஆணி அடிப்பது நல்லது.

பலர் கோட்டைவிடும் இடம் இன்வெர்ட்டர். தகடு சார்ஜ் செய்யும் பேட்டரியின் 12 வோல்ட்டை அது 230 ஆக்க, அதைச் சார்ஜர் மறுபடி 19 ஆகக் குறைக்கிறது. போகும்போதும் நஷ்டம், வரும்போதும் நஷ்டம். போதாக்குறைக்கு, ஒன்றும் மாட்டாமல் வைத்தாலும் இன்வெர்ட்டர் தன் பங்குக்குச் சில வாட் தின்னும். 12 வோல்ட்டை நேராக 19-க்கு ஏற்றும் கார் சார்ஜர் மாட்டினால் இந்தச் சுற்றுவழியே வேண்டாம். டைப்-சி மடிக்கணினிக்கும் கார் சார்ஜர் கிடைக்கிறது. வாட் போதுமா என்று பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல், புயல் வருவதே வெயில் இல்லாத நாளில் என்பதுதான். அந்த நாட்களில் தகட்டைவிட பேட்டரிதான் பேச வேண்டும். 100 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலும் 600 வாட்-மணி. இழப்பெல்லாம் போக மூன்று நாளுக்கு மேல் தாங்கும். ஃபேனையும் அதே பேட்டரியில் மாட்டினால் இந்தக் கணக்கு செல்லாது.

(தொடரும்)