பஞ்சுத் தூசும் சுவாசப்பையும்

இத்தாலிய மருத்துவராகிய பேர்னடினோ றமசினி, 1700 ஆம் ஆண்டில் வெளியிட்ட தொழில்நோய் நூலிலே, நோயாளியை வினவும் மருத்துவர் அவர் செய்யும் தொழில் யாதென்பதையும் கேட்டல் வேண்டும் என வலியுறுத்தினார். ஆளி, சணல் நார்களைச் சீவுவோர் தூசினால் ஓயாது இருமுவதையும் அந்நூல் கூறும். அவ்வினாவின் அருமையைப் பஞ்சாலைத் தொழிலாளரைப் பீடிக்கும் பிசினோசிஸ் என்னும் நோய் நன்கு காட்டுகின்றது.

இதன் போக்கு விசித்திரமானது. பஞ்சுப் பொதியை உடைத்துச் சிக்கெடுக்கும் அறைகளிலேயே தூசு மிகுதி. ஞாயிறு ஓய்ந்திருந்து திங்கட்கிழமை வேலைக்கு மீளும் தொழிலாளிக்குச் சில மணி நேரத்தில் மார்பு இறுகுகின்றது, மூச்சு முட்டுகின்றது. செவ்வாய்க்கிழமை அவ்விறுக்கம் தணிந்துவிடும். வேலை நீடிக்க நீடிக்க வருத்தமும் பெருகும் என்றே நாம் எதிர்பார்ப்போம். இங்கோ ஓய்வின் பின் வரும் முதல் நாளே கடிது. வாரத்தில் ஒருநாள் வந்து மறையும் துன்பத்தை நோயென எண்ணுவோர் சிலரே. ஆண்டுகள் செல்ல அது செவ்வாய், புதன் எனப் பரவி வாரம் முழுவதும் நிலைக்கும். ஈற்றில் மூச்சுக்குழல்கள் நிரந்தரமாக ஒடுங்கி, ஆலையை விட்டு நீங்கினும் திணறல் நீங்காது.

இதனை விளைவிப்பது தூய பஞ்சிழையன்று. அதனோடு கலந்து வரும் இலை, பூவடிச்செதில் முதலியவற்றின் துணுக்குகளிலே வாழும் பற்றீரியாக்களின் நச்சுப்பொருளே முதன்மைக் காரணம் என இன்று பெரிதும் கொள்ளப்படுகின்றது. நார்த்தூசு எல்லாம் ஒரு தன்மைத்தன்று: இலங்கை மருத்துவர் ஊரகொட தென்னந்தும்புத் தொழிலாளரை ஆராய்ந்து 1975 இல் வெளியிட்ட கட்டுரையில், அவரிடத்து இந்நோய் காணப்படவில்லை என்றார்.

முற்றிய நிலையில் இது நீடித்த மூச்சுக்குழல் அழற்சியினின்றும் பிரித்தறிதற்கு அரிது. கல்லுடைப்போரின் சுவாசப்பையிலே சிலிக்காத் தூசு விடும் வடு எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியும்; பஞ்சுத் தூசோ அத்தகைய தனிச்சுவடு எதனையும் விடுவதில்லை. தொழிலாளியின் வாய்மொழியே தலையாய சான்று. நட்டஈடு கோருமிடத்து இதன் கொடுமை புலனாகும். பிரித்தானியாவில் 1941 இல் இந்நோய்க்கு நட்டஈடு வழங்க விதி பிறந்தபோதும், அவ்வறைகளில் 20 ஆண்டு உழைத்தவர்க்கே அது உரித்தாயிற்று. நோய் அவ்வளவு பொறுமையுடையதன்று!

1950களில் றிச்சேட் ஷிலிங் என்னும் மருத்துவர் இலங்காசயர் ஆலைகளில், எந்நாளில் மார்பு இறுகுகின்றது என முறைப்படி வினவி, அவ்விடைகளைக் கொண்டே நோயைப் படிகளாக வகுத்தார். அருகிவிட்டதெனக் கருதப்பட்ட நோய் அங்கே பரவிக் கிடந்தமை அதனால் வெளியாயிற்று.

ஐக்கிய அமெரிக்கா 1978 இல், நூல் நூற்கும் ஆலைக் காற்றில் கன மீற்றருக்கு 200 மைக்கிரோகிராமுக்கு மேற்பட்ட பஞ்சுத் தூசு இருத்தலாகாது என விதித்தது. செலவையும் பயனையும் முதலில் சீர்தூக்கல் வேண்டும் என ஆலை உரிமையாளர் வழக்காடினர். சட்டம் தொழிலாளரின் உடல்நலத்தையே முதன்மையாக வைத்துள்ளது என்று 1981 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயந்திரங்களை மூடித் தூசை உறிஞ்சும் குழாய்கள் அமைக்கப்பட்டபின் அங்கே இந்நோய் மிகக் குறைந்தது. நூற்புத் தொழில் பெரும்பாலும் ஆசியாவுக்குப் பெயர்ந்துவிட்ட இந்நாளில், இந்தியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளின் ஆலைகளிலிருந்து அத் திங்கட்கிழமை மார்பிறுக்கம் இன்னும் பதிவாகிக்கொண்டே இருக்கின்றது.