மின்கலம் மாற்றும்போது வண்டியின் நினைவைக் காத்தல்

பம்மல், அனகாபுத்தூர்ப் பக்கத்து வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன. பம்மலே 2021-ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆயினும் விடியற்காலையில் கீரையும் காய்கறியும் ஏற்றிச் செல்லும் உழவர்களின் சிறு லோடு வண்டிகள் இன்றும் இவ்வழியே ஓடுகின்றன. விளக்கை எரியவிட்டு நெரிசலில் ஊர்ந்து, அடிக்கடி நிறுத்தி எடுக்கும் வண்டியில், பேட்டரி என நாம் வழங்கும் மின்கலம் செலவழித்த மின்சாரத்தை முழுவதும் திரும்பப் பெறுவதில்லை. நம் ஊர் வெயிலும் அதன் ஆயுளைக் குறைக்கிறது. இயந்திரம் ஓடாது சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் மின்கலம் நிறைவாக உள்ளது எனலாம். 12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் ஏறக்குறைய வெறுமையே. மின்னேற்றம் செய்தும் நிற்கவில்லையெனில் மாற்றுவதே நலம். சந்தைக்குப் போகும் வேளையில் வண்டி கிளம்பாவிட்டால், வாடிய கீரையை வாங்குவார் யார்?

பழைய டீசல் வண்டியிலும் சிறு டிராக்டரிலும் மின்கலத்தைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. புதிய வண்டிகள் அப்படியல்ல. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் வண்டிகளில் எரிபொருளை அளந்துவிடுவது ஒரு சிறு கணினி. மின்சாரம் அறுந்தால் கடிகாரம், வானொலி நிலையங்கள், இயந்திரம் மெதுவாக ஓடுவதற்குக் கணினி பழகிவைத்த அளவுகள் ஆகியவை அழியக்கூடும். சில வானொலிகள் இரகசிய எண் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். ஓடிய கிலோமீட்டர் கணக்கும் சாவியின் அடையாளமும் அழியா. அவை மின்சாரம் இன்றியே நிலைக்கும் நினைவகத்தில் உள்ளன. எனவே அஞ்ச வேண்டியதில்லை.

கடிகாரம் மட்டுமே உள்ள லோடு வண்டிக்குத் தனி ஏற்பாடு வீண் வேலை என்பதே நம் கருத்து. வானொலி எண்ணைக் கையேட்டில் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். அந்த எண் தொலைந்துபோனவர்களுக்குத்தான் துணை மின்கலம் தேவை.

முதலில் சாவியை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுக்கவும். நல்ல 12 வோல்ட் மின்கலம் ஒன்றின் நேர்முனையிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த கம்பியை வண்டியின் நேர்முனைக் கவ்வியில் நழுவாதபடி இறுக்கிக் கட்டவும். மற்றக் கம்பியை எதிர்முனையிலிருந்து இயந்திரத்தின் வெற்று உலோகப் பகுதியில் பொருத்தவும். பிறகே பழைய மின்கலத்தின் எதிர்முனையை முதலிலும் நேர்முனையைப் பின்னும் கழற்றவேண்டும். கழற்றிய நேர்முனைக் கவ்வியில் அப்போதும் மின்சாரம் இருக்கும்! பழைய சைக்கிள் டியூப் துண்டால் அதைச் சுற்றிவிடவும். உடற்பகுதியில் பட்டால் ஃபியூஸ் போகும், நினைவும் போகும். இடையில் சாவியையோ விளக்கையோ போடலாகாது. புதியதில் நேர்முனையை முதலில் மாட்டி, துணைக் கம்பிகளைக் கடைசியில் எடுக்கவும். பழைய மின்கலம் அடியோடு செத்திருந்தால் நினைவு முன்பே அழிந்திருக்கும். இவ்வளவு பாடு வேண்டாம்.

முனைகளை மாற்றி மாட்டுவதே பெரிய கேடு. ஒரே நொடியில் ஆல்டர்நேட்டரின் டயோடுகளும் கணினியும் எரிந்து, மின்கலத்தின் விலையைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும். நேர்முனைக் காம்பு சற்றே தடித்திருக்கும், குறியையும் பார்த்துக்கொள்க. சிக்னலில் நின்றால் தானே அணையும் இயந்திரம் கொண்ட கார்களில் புதிய மின்கலத்தைக் கணினிக்கு அறிவிக்க வேண்டியிருக்கலாம்; அவற்றைப் பணிமனையில் விடுவது நன்று.

நினைவு அழிந்தே போனாலும், குளிர்சாதனம் போடாமல் இயந்திரத்தைச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் பின் வண்டியைச் செலுத்தினால் கணினி மீண்டும் பழகிக்கொள்ளும்.

பழைய மின்கலத்தின் கந்தக அமிலத்தை வாய்க்காலில் கொட்டக்கூடாது. அதில் ஈயமும் கலந்திருக்கும். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதியதை வாங்கும் கடையிலேயே கொடுத்தால், பொதுவாக அதன் மதிப்பை விலையில் கழித்துக்கொள்வர். உத்தரவாதச் சீட்டில் வாங்கிய தேதியை எழுதி வாங்க மறவாதீர்.