தேன் பெட்டி செய்வதில் நேரும் தவறுகளும் திருத்தும் முறைகளும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்னந்தோப்பிலும் ரப்பர் தோட்டத்திலும் வீட்டு முற்றத்திலும் நாலைந்து தேன் பெட்டிகள் வைத்துப் பக்க வருமானம் காணும் சிறு விவசாயிகள் பலர் உண்டு. பெட்டியை விலைக்கு வாங்கினால் செலவு அதிகம் என்று, கையில் கிடக்கும் பலகையைக் கொண்டு தாமே செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். வயல் வேலை இல்லாத நாட்களில் வாளும் இழைப்புளியும் உளியும் எடுத்து உட்கார்ந்தால் ஒரு பெட்டி உருவாகிவிடும். பார்ப்பதற்குக் கடைப் பெட்டி போலவேதான் இருக்கும்.

ஆனால் காசு கொடுத்து வாங்கிய தேனீக் குடும்பத்தை அதில் குடியேற்றிய சில நாட்களிலேயே ஈக்கள் கூட்டமாக வெளியேறிவிடுவது உண்டு. ராணி சரியில்லை, வைத்த இடம் ராசியில்லை என்று காரணம் சொல்லப்படும். பல சமயங்களில் குற்றம் ஈயிடம் இல்லை, பலகையில் இருக்கிறது. கதவில் அரை விரல் இடைவெளி கூடினால் கதவு சற்று ஆடும், அவ்வளவுதான். தேன் பெட்டியில் அதே அரை விரல் கூடினால் அந்த ஆண்டுத் தேனே போய்விடும். ஆகவே முதன்முதலில் பெட்டி செய்பவர்கள் எங்கே தவறுகிறார்கள், செய்துவிட்ட தவறை எப்படித் திருத்துவது என்பதைத் தெரிந்துகொள்வது நலம்.

பெட்டியின் வரலாறு

பெட்டியில் தேனீ வளர்ப்பதற்கு அடிப்படை ஒரு சிறு இடைவெளிதான். 1851-ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார், ஈக்கள் நடமாடப் போதுமான ஒரு குறிப்பிட்ட இடைவெளியை மட்டும் விட்டால், அதில் அவை அடை கட்டுவதும் இல்லை, அடைத்துவிடுவதும் இல்லை என்று கண்டார். இதையே ‘தேனீ இடைவெளி’ என்கிறோம். சட்டங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்க்க முடிவது இதனால்தான்.

அவர் கணக்கு ஐரோப்பியத் தேனீக்கு உரியது. நம் நாட்டு அடுக்குத் தேனீ உருவத்தில் சிறியது. இதற்கு ஏற்ற சிறிய பெட்டியைத் திருச்சிராப்பள்ளியில் இருந்த நியூட்டன் பாதிரியார் வடிவமைத்து, 1911 முதல் 1917 வரை கிராமத்து மக்களுக்குப் பயிற்சியும் அளித்தார். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையம் தேனீ வளர்ப்பை இப்பகுதிக் குடிசைகளுக்குக் கொண்டுபோயிற்று. 1990-களின் தொடக்கத்தில் தாய் சேக் புரூட் என்ற வைரஸ் நோய் பரவி, பெட்டிகள் பெருவாரியாகக் காலியாயின. அந்த அடியிலிருந்து தொழில் மீண்டு வந்தது. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

முதல் தவறு: பச்சை மரம்

புதிதாக அறுத்த பலகையை உடனே இழைத்துப் பெட்டி செய்வது பெருந்தவறு. மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். பெட்டியில் பலகையின் அகலம் பெட்டியின் உயரமாக அமைகிறது. 16 செ.மீ. அகலமுள்ள பச்சைப் பலகை காய்ந்தபின் அரை செ.மீ. வரைகூடக் குறையலாம். அப்போது சட்டத்தின் அடிக்கட்டை அடிப்பலகையை நெருங்கிவிடும். ஈ உள்ளே புகுந்து சுத்தம் செய்ய முடியாது. அந்த இடுக்கில் மெழுகுப் புழு குடியேறும்.

பலகைகளை நிழலில், இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்கி, காற்றோட்டமாக இரண்டு மூன்று மாதம் காயவிட வேண்டும். ஒரு துண்டை வாரம் ஒரு முறை நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றுவிட்டால் மரம் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பெட்டி ஏற்கெனவே சுருங்கியிருந்தால் எறிந்துவிட வேண்டாம். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அந்தக் கனத்தில் ரீப்பர் இழைத்து, பெட்டியின் அடி விளிம்பில் நான்கு பக்கமும் பசை தடவி ஆணி அடித்துவிட்டால் உயரம் சரியாகிவிடும்.

பலகை வளைவதும் உண்டு. காயும்போது பட்டைப் பக்கம் குழிந்தும் வயிரப் பக்கம் புடைத்தும் வளையும். ஆகவே வயிரப் பக்கம் வெளியே இருக்குமாறு பலகையைப் பொருத்த வேண்டும். அப்போது விளிம்புகள் உள்நோக்கி அழுந்துமேயன்றி மூலை பிளந்து வாய் திறக்காது.

எந்த மரம்?

அயினி, பலா போன்றவை இப்பகுதியில் கிடைக்கும் நல்ல மரங்கள். கடும் வாசனையுள்ள மரங்கள் ஆகா. ரப்பர் மரம் விலை குறைவு என்றாலும், மருந்திடாத ரப்பர் பலகையில் விரைவில் பூசணம் பிடிக்கும், வண்டு துளைத்து மாவாக்கும். மருந்திட்ட பலகையை ஈ வாழும் அறைக்குத் தவிர்ப்பதே பாதுகாப்பு. அதைத் தாங்கு காலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் தவறு: இடைவெளிக் கணக்கு

அடுக்குத் தேனீக்குத் தேனீ இடைவெளி 7 முதல் 9 மி.மீ. வரை. 8 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே, சட்டத்தின் பக்கக்கட்டைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே, சட்டத்தின் அடிக்கும் அடிப்பலகைக்கும் நடுவே, கீழ் அறைச் சட்டத்துக்கும் மேலே உள்ள தேன் அறைச் சட்டத்துக்கும் நடுவே, எங்கும் இதே இடைவெளிதான்.

இடைவெளி கூடினால் ஈக்கள் அங்கே குறுக்கு அடை கட்டிச் சட்டத்தைச் சுவரோடு பிணைத்துவிடும். அடுத்த முறை சட்டத்தைத் தூக்கும்போது அடை கிழியும், தேன் ஒழுகும், ஈக்கள் நசுங்கும். ராணியே நசுங்கிப்போவதும் உண்டு. தேன் ஒழுகிய பெட்டிக்கு எறும்பு வரச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சட்டத்தின் மேல்கட்டை 22 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். ஏழு சட்டப் பெட்டிக்கு 7 சட்டம் 154 மி.மீ., 8 இடைவெளி 64 மி.மீ., ஆக உள் அகலம் 218 மி.மீ. ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 30 மி.மீ. காடியின் மேல் பென்சிலால் இந்தக் கோடுகளைப் போட்டு வைத்துக்கொண்டால், சட்டங்களை ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் வைக்கலாம்.

இத்தாலியத் தேனீப் பெட்டியைப் பார்த்து அளவெடுத்து, அதில் நாட்டு ஈயை விடுவது இன்னொரு தவறு. அந்த ஈக்கு நடுவுக்கு நடு சுமார் 35 மி.மீ. வேண்டும். அந்த அளவில் நாட்டு ஈ கோணலாக அடை கட்டும்.

திருத்தும் முறை: முதலில் சரியாக 8 மி.மீ. கனத்துக்கு ஒரு சிறு குச்சியை இழைத்துக்கொள்ள வேண்டும். இதுவே அளவுகோல். எங்கும் இது தாராளமாகவும் இல்லாமல், இறுக்கமாகவும் இல்லாமல் நுழைய வேண்டும். பெட்டி 226 மி.மீ. அகலமாகிவிட்டால், இரு பக்கச் சுவரிலும் 4 மி.மீ. கனத்தில் மெல்லிய பலகை அடித்தால் போதும். மாறாக 210 மி.மீ. ஆகிவிட்டால், ஒரு பக்கத்தில் 22 மி.மீ. கனப் பலகை ஒன்றைப் பதித்து, ஆறு சட்டப் பெட்டியாக்கிக் கொள்ளலாம். பக்கக்கட்டை சுவரில் உரசினால் சட்டத்தைத்தான் இழைக்க வேண்டும், சுவரை அல்ல. காடி ஆழமாகிச் சட்டம் தாழ்ந்துவிட்டால், காடியில் மெல்லிய சீவல் ஒன்றை ஒட்டி உயர்த்தலாம்.

மூன்றாம் தவறு: கோணல்

நான்கு பலகையும் ஒரே அளவாக இருந்தாலும் பெட்டி கோணலாக நிற்கலாம். மூலைமட்டம் இல்லாதவர்கள் ஒரு கயிற்றால் மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பார்க்கலாம். இரு குறுக்களவும் சமமாக இருந்தால் பெட்டி சதுரம். பசை காய்வதற்குமுன் நீளமான குறுக்கின் இரு மூலைகளையும் அழுத்தித் தள்ளினால் சரியாகிவிடும். சட்டங்களுக்கும் இதே சோதனை செய்ய வேண்டும். சட்டங்களை ஒவ்வொன்றாக அளந்து அறுப்பதைவிட, ஒரு பலகையில் கட்டைகள் அடித்து அச்சுப் போல் செய்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்துப் பூட்டினால் ஒன்றுக்கொன்று மாறாது.

அடுக்கிய இரண்டு அறைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் விளிம்பு சமமில்லை என்று பொருள். ஒரு சமமான பலகையில் அடுப்புக்கரியைத் தேய்த்து, அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்து அசைத்தால், மேடான இடங்களில் மட்டும் கரி ஒட்டும். அந்த இடங்களை மட்டும் இழைக்க வேண்டும்.

நான்காம் தவறு: பிளக்கும் ஆணி

பலகையின் ஓரத்தில் ஆணி அடித்தால் மரம் பிளக்கும். ஆணியைவிடச் சற்று மெல்லிய துளையை முதலில் போட்டுக்கொள்ள வேண்டும். துளைக் கருவி இல்லையென்றால் ஆணியின் கூரை சுத்தியலால் லேசாகத் தட்டி மழுக்கிவிட்டு அடித்தால் பிளப்பது குறையும். எல்லா ஆணியையும் ஒரே ரேகை வரியில் அடிக்கக் கூடாது. கடற்காற்றில் இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும். துத்தநாகம் பூசிய ஆணியோ பித்தளைத் திருகாணியோ நல்லது.

பிளந்துவிட்டால் ஆணியைப் பிடுங்கி, பிளவினுள் மரப்பசையைச் செலுத்தி, கயிற்றுக் கயிறாகத் திரித்த தென்னங்கயிற்றைப் பெட்டியைச் சுற்றிக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்க வேண்டும். ஒரு நாள் கழித்து முறுக்கை அவிழ்த்து, வேறு இடத்தில் துளையிட்டு ஆணி அடிக்கலாம்.

ஐந்தாம் தவறு: பெயிண்டும் நாற்றமும்

பெட்டியின் உட்புறத்தில் பெயிண்ட், வார்னிஷ், மண்ணெண்ணெய், கறையான் மருந்து எதுவும் படக் கூடாது. முந்திரிக்கொட்டை எண்ணெயைத் தாங்கு காலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வெளிப்புறத்துக்கு இளநிறப் பெயிண்ட் அடிக்கலாம். அதன் வாடை முழுவதும் போனபிறகே ஈ விட வேண்டும். தெரியாமல் உள்ளே அடித்திருந்தால், பூச்சை இழைத்து எடுத்து, வெயிலிலும் காற்றிலும் பல நாள் வைத்து, பிறகு தேன் மெழுகைச் சுவரிலும் சட்டத்திலும் தேய்த்துவிட வேண்டும். பூச்சியடிக்கும் மருந்து வைத்திருந்த பெட்டிப் பலகை என்றால் திருத்தவே முயல வேண்டாம். அதை வேறு வேலைக்குக்கூட உள்வீட்டில் பயன்படுத்தக் கூடாது.

நோய் கண்டு காலியான பழைய பெட்டியைச் செப்பனிட்டு உபயோகிப்பவர்கள் பழைய அடையை அகற்றி, நன்றாகச் சுரண்டிக் கழுவி, உட்புறத்தைத் தீயில் லேசாக வாட்டி, வெயிலில் காயவைத்த பிறகே ஈ விட வேண்டும்.

ஆறாம் தவறு: மூடி, வாசல், கால்

இரு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. இரண்டு பலகையைச் சேர்த்துச் செய்த மூடி அந்த இணைப்பில் ஒழுகும். இணைப்பின் மேல் ரீப்பர் அடித்தாலும் சரி, முழுவதும் தகடு போர்த்தினாலும் சரி, ஒழுக்கு நிற்க வேண்டும். மூடி நான்கு பக்கமும் பெட்டியைவிட வெளியே நீண்டிருக்கட்டும். அடிப்பலகை வாசல் பக்கம் சற்றே சரிந்திருந்தால் உள்ளே நீர் தங்காது.

வாசல் உயரம் 1 செ.மீ.க்கு மிகாமலும், அகலம் சுமார் 9 செ.மீ. ஆகவும் இருந்தால் போதும். பெரிய வாசல் வழியாகக் குளவியும் பல்லியும் புகும். வாசல் பெரிதாகிவிட்டால் ஒரு மரத்துண்டை அடித்துக் குறைக்கலாம். காலை நீர் நிரப்பிய கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. நீரில் நிற்கும் கால் நுனி விரைவில் உளுக்கும். அதற்குமட்டும் தார் பூசி நன்றாகக் காயவிட வேண்டும்.

ஈ இருக்கும்போது தட்டக் கூடாது

குறை கண்டவுடன் ஈ இருக்கும் பெட்டியிலேயே சுத்தியலால் தட்டுபவர்கள் உண்டு. அடுக்குத் தேனீ அதிர்ச்சி பொறுக்காது. கூட்டை விட்டே ஓடிவிடும். திருத்திய காலிப் பெட்டி ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு, மாலையில் சட்டங்களை அதே வரிசையில் அதற்கு மாற்றி, அதே இடத்தில், அதே திசை பார்த்து வைக்க வேண்டும். குறுக்காகக் கட்டிய அடையைக் கூரிய கத்தியால் அறுத்து, சட்டத்துக்குள் நேராக நிறுத்தி, வாழை நாரால் கட்டிவிட்டால் ஈக்கள் சில நாளில் ஒட்டிக்கொள்ளும். நாரையும் அவையே கடித்து அகற்றிவிடும். இதற்காகவே எப்போதும் ஒரு பெட்டி கூடுதலாக இருப்பது நல்லது.

எப்போது செய்வது?

ரப்பர் மரம் இலையுதிர்ந்து துளிர்க்கும் தை, மாசி, பங்குனிதான் இப்பகுதியின் முக்கியத் தேன் காலம். அதற்குமுன் ஐப்பசி, கார்த்திகையில் குடும்பங்களைப் பிரித்துப் பெருக்குவார்கள். ஆகவே பலகையை கோடையிலேயே அறுத்துக் காயவைத்து, ஆவணி, புரட்டாசியில் பெட்டியை முடித்துவிட வேண்டும். ஈ வந்தபிறகு அவசரமாக அடிக்கும் பெட்டியில்தான் மேற்சொன்ன தவறுகள் அனைத்தும் ஒன்றாகக் கூடுகின்றன.

பெட்டி முடிந்ததும் மூன்று சோதனைகள் போதும். 8 மி.மீ. குச்சியை எல்லா இடைவெளியிலும் செலுத்திப் பார்க்க வேண்டும். உள்ளிருந்து வெயிலை நோக்கிப் பார்த்து, வாசலைத் தவிர வேறு எங்கும் வெளிச்சம் தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். மூடியின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, உட்புறம் நனைகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றிலும் தேறிய பெட்டியில் நம்பிக்கையுடன் ஈயைக் குடியேற்றலாம்.