திருடனுக்குப் போட்ட பூட்டு

மைசூர் விஜயநகர் இரண்டாவது ஸ்டேஜில் வசிக்கும் அந்தப் பெரியவருக்கு வயது 72. மைசூரில் 1961-ல் தொடங்கி 1996-ல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். என்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டிவிடுவார். ஆனால் செல்போனில் மதுரைக்கு ஒரு தட்கால் டிக்கெட் எடுக்க அவரால் முடியவில்லை.

தங்கை மதுரையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மறுநாள் தூத்துக்குடி எக்ஸ்பிரசில் போயாக வேண்டும். ஸ்லீப்பர் வகுப்புத் தட்கால் காலை 11 மணிக்குத் திறக்கும். பத்தே முக்காலுக்கே மூக்குக் கண்ணாடியும் போனுமாக உட்கார்ந்துவிட்டார்.

பாஸ்வேர்டு போட்டதும், வளைந்து நெளிந்த எழுத்துகளைக் காட்டி, அவற்றை அப்படியே அடிக்கச் சொன்னது. பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்று தெரியாமல் இரண்டு முறை தவறியது. ஒருவழியாக உள்ளே போனால், ஆதாரைச் சரிபார்த்தால்தான் தட்கால் என்றது. அதற்கான ஓடிபி, ஆதாரில் பதிந்திருந்த பழைய நம்பருக்குப் போயிற்று. அந்த நம்பரை அவர் விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன.

"நான் நான்தான் என்று இதற்கு எப்படிப்பா சொல்வது?" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டார். அதற்குள் டிக்கெட் தீர்ந்துவிட்டது.

ரயில்வே இப்படிச் செய்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. தட்கால் திறந்த முதல் சில நிமிடங்களில் புரோக்கர்களின் கம்ப்யூட்டர் நிரல்கள் டிக்கெட்டுகளை அள்ளிக்கொண்டிருந்தன. சந்தேகத்துக்குரிய இரண்டரை கோடிக் கணக்குகளை முடக்கியதாக 2025-ல் ரயில்வே அறிவித்தது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல், ஆன்லைன் தட்காலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று. ஜூலை 15 முதல் ஓடிபியும் சேர்ந்தது. அக்டோபர் 1 முதல் சாதாரண முன்பதிவிலும் முதல் 15 நிமிடங்கள் ஆதார் சரிபார்த்தவர்களுக்கே என்றாயிற்று.

திருடனுக்குப் பூட்டுப் போடுவது நியாயம்தான். ஆனால் இன்று பூட்டுக்கு வெளியே நிற்பவர் வீட்டுக்காரர்! போதாக்குறைக்கு, இணையதளம் பேசுவது ஆங்கிலமும் இந்தியும்தான். தமிழோ கன்னடமோ மட்டும் படிக்கத் தெரிந்தவர் என்ன செய்வார்?

விஜயநகருக்குப் பக்கத்திலேயே, ஹெப்பாள் தொழிற்பேட்டையில், இன்போசிஸ் பயிற்சி வளாகம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அங்கே சாப்ட்வேர் எழுதப் பழகுகிறார்கள். அந்த சாப்ட்வேரோடு மல்லுக்கட்டும் முதியவருக்குக் கற்றுத்தரத்தான் ஆளில்லை.

மறுநாள் பெரியவர் ரயில் நிலையக் கவுண்டருக்குப் போய் வரிசையில் நின்றார். 2025 நவம்பரில் சில ரயில்களில் தொடங்கி, கவுண்டர் தட்காலுக்கும் ஓடிபி வந்துவிட்டது. ஆனால் இங்கே அது முன்பதிவுப் படிவத்தில் எழுதிக் கொடுக்கும் செல்போன் நம்பருக்கே வரும். கையில் இருக்கும் போனை எடுத்துப் போனால் போதும். டிக்கெட் கிடைத்தது. தங்கையைப் பார்ப்பதுதான் ஒரு நாள் தள்ளிப்போயிற்று.

விஜயநகர்த் தமிழர்கள் கவனிக்க வேண்டியது: ஆதாரில் இருப்பது இப்போதைய செல்போன் நம்பர்தானா என்று இன்றே பார்த்துக்கொள்வது நல்லது. அவசரம் வரும்போது ஆதார் மையத்துக்கு ஓட நேரமிருக்காது.

ரயில்வே கவனிக்க வேண்டியதும் உண்டு. இணையதளம் மாநில மொழிகளிலும் பேசட்டும். முதியோர் அடித்து முடிக்கும்வரை காத்திருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கவுண்டர்களைக் குறைக்காமல் இருக்கட்டும். நிர்வாகம் ஆவன செய்யுமா?