ஊருக்கு ஒரு விவரக் கையேடு

பசு கன்று ஈனும் வேளையில் கன்று குறுக்கே சிக்கிக்கொண்டால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அப்போது போய், கால்நடை மருந்தகம் எங்கே, டாக்டர் எப்போது வருவார், யாருக்குப் போன் செய்வது என்று தெருவில் விசாரித்துக்கொண்டிருந்தால் தாயும் போகும், கன்றும் போகும். இத்தகைய நஷ்டம் பல சமயங்களில் வசதி இல்லாததால் வருவதில்லை. இருக்கும் வசதி தெரியாததால் வருகிறது.

உழவர்களுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் கிடைக்கும் சேவைகள் பல. ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இலாகாவில் இருக்கிறது. ஆகவே, இவை அனைத்தையும் திரட்டி ஊருக்கு ஒரு விவரக் கையேடு தயாரித்து வைத்துக்கொள்வது நல்லது. இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

என்ன எழுத வேண்டும்?

அலுவலகத்தின் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் எழுதினால் பயன் குறைவு. ஒவ்வொரு சேவைக்கும் ஆறு விவரங்கள் தேவை. என்ன உதவி, யாருக்குக் கிடைக்கும், எந்த நாளில் எந்த நேரத்தில், என்னென்ன காகிதங்கள் கொண்டுபோக வேண்டும், கட்டணம் எவ்வளவு, யாரைப் பார்க்க வேண்டும் என்பனவே அவை. பட்டா நகல் ஒன்றை மறந்துவிட்டுப் போய் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் வீணாவது இதனால் தவிரும்.

எவற்றைச் சேர்க்கலாம்?

முதலில் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். விதை, மானியம், மண் பரிசோதனை ஆகியவற்றுக்கு இங்கேதான் தொடங்க வேண்டும். மண் மாதிரியை எங்கே கொடுப்பது என்பதோடு, எப்படி எடுப்பது என்பதையும் கையேட்டில் குறித்து வையுங்கள். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் பத்து இடங்களிலாவது அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அதில் அரை கிலோ அனுப்பினால் போதும்.

அடுத்தது கால்நடை மருந்தகம். கோமாரி நோய்த் தடுப்பூசி இலவசமாகவே போடப்படுகிறது. இதற்கான தேசியத் திட்டம் 2019-இல் தொடங்கியது. முகாம் நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண். ஊர்தி உங்கள் ஊருக்கு எந்த நேரத்தில் வரும், அந்த நேரம் தவறினால் யாரைக் கூப்பிடுவது என்பதை அவசரம் நேரும் முன்பே விசாரித்து எழுதுங்கள்.

பயிரில் பூச்சியோ நோயோ கண்டால் 1800-180-1551 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். 2004-இல் தொடங்கப்பட்ட இந்த உழவர் அழைப்பு மையத்துக்குப் போன் செய்யக் கட்டணம் இல்லை. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பேசலாம். பயிற்சி பெற விரும்புவோர் மாவட்டத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். நாட்டின் முதல் நிலையம் 1974-இல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது.

உழவு இயந்திரங்களைக் குறைந்த வாடகைக்குப் பெற வேளாண்மைப் பொறியியல் துறை இருக்கிறது. விளைந்ததை விற்க ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும், 1999-இல் தொடங்கப்பட்ட உழவர் சந்தையும் உள்ளன. உழவர் சந்தையில் கடைக்கு வாடகை இல்லை. ஆனால் அடையாள அட்டை வேண்டும். அதை வாங்கும் வழியையும் சேர்த்து எழுதுங்கள்.

வரப்புத் தகராறு, பாகப் பிரச்சினை என்று வந்தால் வக்கீல் செலவுக்கு நிலத்தை அடகு வைக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி பெறலாம். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. பொதுவாக மற்றவர்களுக்கு உண்டு. தாலுகா கோர்ட்டிலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவைப் பார்க்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

யார் தயாரிப்பது?

ஊரில் படித்த இளைஞர்களும் மகளிர் குழுவினரும் இலாகாவுக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். கேள்விப்பட்டதை எழுதாமல் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டு எழுத வேண்டும். எழுதிய தேதியையும் குறிக்க வேண்டும். அலுவலர்கள் மாற்றலாகிப் போவார்கள், கட்டணம் மாறும். ஆகவே ஆடிப் பட்டத்துக்கு முன் ஒரு தடவை, தைப் பொங்கலுக்குப் பின் ஒரு தடவை சரிபார்த்துத் திருத்துங்கள். பழைய விவரம் ஆளை அலைய வைக்கும்.

இலவசச் சேவைக்கு யாரேனும் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். கட்டணம் கையேட்டில் எழுதியிருந்தால் கேட்பதற்குத் தைரியம் தானே வரும்.

ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்திலும், ஒன்றைக் கூட்டுறவுச் சங்கத்திலும், ஒன்றை எல்லோரும் கூடும் டீக்கடையிலும் வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பயன்பட வேண்டுமல்லவா? மாதம் ஒரு முறை கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். அவசர எண்களை மட்டும் பெரிய எழுத்தில் எழுதித் தொழுவத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நள்ளிரவில் பசு கத்தும்போது நோட்டைத் தேட வேண்டியிராது.