முதுகுவலிக்கும் இ.எஸ்.ஐ. உண்டு

குரோம்பேட்டை முதல் தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் வேலை செய்பவர்களின் முதுகுவலி இரண்டு வகை. ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு நின்று நின்றே வருகிறது. வெரிகோஸும் முழங்கால் வலியும் கூடவே வரும். தையல் மெஷின் முன் நாளெல்லாம் குனிந்திருக்கும் டைலருக்கு உட்கார்ந்தே வருகிறது.

நிற்பவர்களுக்காக 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. 1947-ம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரவிட வேண்டும் என்கிறது அது. கேரளம் 2018-லேயே இதைச் செய்தது; கோழிக்கோட்டில் விஜி தொடங்கிய பெண்கூட்டு அமைப்பின் போராட்டம் அதற்கு வழிவகுத்தது. தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 1948-லேயே சட்டம் சொல்லிவிட்டது. தமிழகக் கடைகளில் நிற்பவர்களுக்கு அதே உரிமை கிடைக்க 73 ஆண்டுகள் ஆனது பெரிய அநியாயம்.

இருக்கை இனிவரும் வலியைக் குறைக்கும். ஏற்கெனவே வந்துவிட்ட வலிக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடுதான் கைகொடுக்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அதில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். இந்தப் பணத்துக்கு மாத்திரை மட்டும்தான் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வலி தாங்காத நாளில் லீவு சொல்லிவிட்டு, சம்பளத்தையும் இழக்கிறார்கள்.

உண்மையில் இ.எஸ்.ஐ. மருத்துவர் ஓய்வு தேவை என்று சான்றிதழ் தந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் உதவித்தொகையாக வரும். அதற்குரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். முதுகெலும்பு வட்டு விலகல், அதாவது டிஸ்க் பிரச்சினை, இ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்களின் பட்டியலிலேயே இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து, அதில் 156 நாள் சந்தா கட்டியவருக்கு 80 சதவீதம் கிடைக்கும். தேவைப்பட்டால் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். சாதாரண முதுகுவலி இந்தப் பட்டியலில் வராது. அதனால்தான் டிஸ்பென்சரி மருத்துவரிடம் சீக்கிரமே போய், கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை போன்ற இடத்தில் எலும்பு மருத்துவரைப் பார்க்கச் சீட்டு வாங்குவது முக்கியம். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி ஓட்டிய மாதங்களுக்குப் பதிவே இருக்காது.

21,000 ரூபாயைத் தாண்டியவர்கள் பாடு கடினம்தான். கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் செலவைத் தரும். வாராவாரம் போகும் பிசியோதெரபிக்குக் கைக்காசுதான். சம்பள உயர்வால் இடையில் வரம்பைத் தாண்டினாலும், அந்தச் சந்தாக் காலம் முடியும்வரை, அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் கடைசி வரை, பிடித்தம் தொடரும். உயர்வு வரப்போகிறது என்று தெரிந்தால், தள்ளிப்போட்ட பரிசோதனையை அதற்குள் செய்துகொள்வது நல்லது.